ரெண்டர்னா கடைசியில அமுக்கற பட்டன் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இணைப்பிதழ்ல அனிமேஷன் படம் எப்படி உருவாகுதுன்னு ரெண்டு பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க. கதை, ஸ்டோரிபோர்டு, மாடலிங், ரிக்கிங், அனிமேஷன்னு வரிசையா நல்லாவே எழுதியிருந்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கடைசி பாராவுல, எல்லாம் முடிஞ்சதும் ரெண்டர் கொடுத்தா கம்ப்யூட்டரே படத்தை தயார் பண்ணி கொடுத்துடும்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பொறுக்கல. ரெண்டர்னா, கம்ப்யூட்டருக்குள்ள கட்டி வெச்ச 3டி காட்சியை ஒளி, நிழலோட கணக்கு போட்டு ஒவ்வொரு படமா எடுக்கறது. நான் லைட்டிங், ரெண்டர் பக்கம் வேலை பார்க்கற ஆளு, அந்த ஒரு வரிக்குள்ளதான் எங்க டிபார்ட்மென்ட் மொத்தமும் இருக்கு. இதைப் படிச்சிட்டு கோர்ஸ் சேர்ற பசங்களும் சரி, விளம்பரப் படம் பண்ண வர்ற க்ளையன்ட்டும் சரி, ரெண்டர்ங்கறது ராத்திரியில தானா நடக்கற விஷயம்னுதான் நினைப்பாங்க. ஏற்கனவே அப்படித்தான் நினைக்கறாங்க, நீங்களும் அச்சுல போட்டுட்டீங்கன்னா அப்புறம் நாங்க யார்கிட்ட போய் சொல்றது.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். சினிமாவுக்கு ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம். ஒன்றரை மணி நேர படம்னா 90 பெருக்கல் 60 பெருக்கல் 24, மொத்தம் 1,29,600 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் ஒரு மணி நேரத்துல முடியுதுன்னு வெச்சுக்கோங்க, பெரிய படங்களுக்கு அதுவே ரொம்ப கம்மி, ஒரே ஒரு மெஷின்ல ஓட்டினா 5,400 நாள், கிட்டத்தட்ட 15 வருஷம். 100 மெஷின் வெச்சா 54 நாள். அதுவும் எப்படி, எல்லா ஃப்ரேமும் முதல் தடவையிலேயே சரியா வந்து, யாரும் ஒரு கரெக்ஷனும் சொல்லாம, ஒரு மெஷினும் படுத்துக்காம இருந்தா. அப்படி ஒரு படம் யாரும் எடுத்ததா நான் கேள்விப்பட்டதில்ல. 3டி கண்ணாடி போட்டு பார்க்கற படம்னா இடது கண்ணுக்கு ஒண்ணு வலது கண்ணுக்கு ஒண்ணுன்னு ஃப்ரேம் எண்ணிக்கை அப்படியே ரெட்டிப்பு.

1995ல பிக்சார் கம்பெனி எடுத்த டாய் ஸ்டோரிதான் முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்ச முதல் முழுநீளப் படம். அதுக்கு 117 கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடுச்சு, ஒரு ஃப்ரேமுக்கு 45 நிமிஷத்துல இருந்து 30 மணி நேரம் வரைக்கும் ஆச்சு, மொத்தத்துல 8 லட்சம் மெஷின் மணி நேரம்னு சொல்வாங்க. சரி அது பழைய காலம், இப்பதான் கம்ப்யூட்டர் பறக்குதேன்னு கேப்பீங்க. 2013ல அதே பிக்சார் எடுத்த மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டிக்கு சராசரியா ஒரு ஃப்ரேமுக்கு 29 மணி நேரம் ஆச்சு. நடுவுல 18 வருஷம், மெஷின் எத்தனையோ மடங்கு வேகமாயிடுச்சு, ஃப்ரேமுக்கு ஆகற நேரம் மட்டும் இறங்கல. ஜிம் பிளின்னு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல பெரிய கை ஒருத்தர், அவர் பேர்லயே இதுக்கு ஒரு விதி சொல்வாங்க, மெஷின் எவ்ளோ வேகமானாலும் ரெண்டர் நேரம் அங்கயேதான் நிக்கும்னு. ஏன்னா மிச்சமாகற நேரத்தை எந்த டைரக்டரும் சும்மா விடமாட்டார், இன்னும் கொஞ்சம் முடி, இன்னும் கொஞ்சம் புகை, வெயில் சுவத்துல பட்டு திரும்பி வந்து முகத்துல விழணும், இப்படி கேட்டுக்கிட்டே இருப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான், பார்க்கறதுக்கு அதுதானே நல்லாயிருக்கு.

ரெண்டர்ல அந்த மெஷின் அப்படி என்னதான் பண்ணுதுன்னு ஒரு ஷாட்டை வெச்சு சொல்றேன். ஜன்னலோரம் ஒரு பாட்டி உக்காந்திருக்காங்க, பின்னாடியிருந்து வெயில், நடுவுல மெல்லிசா ஒரு திரை, மேஜைல கண்ணாடி டம்ளர்ல தண்ணி. 5 செகண்ட் ஷாட், 120 ஃப்ரேம், அவ்ளோதான். 1920க்கு 1080 சைஸ்னா ஒரு ஃப்ரேம்ல 20,73,600 பிக்ஸல் இருக்கு. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கேமராவுல இருந்து சீனுக்குள்ள கதிர் அனுப்பி, அது எதுல மோதுது, அங்கயிருந்து எந்தப் பக்கம் தெறிக்குது, கடைசியா ஏதாவது லைட்டைப் போய் தொடுதான்னு பின்னாடியே துரத்திக்கிட்டு போகணும். இதுக்கு அடிப்படையான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986லயே எழுதிட்டாரு, இன்னிக்கு இப்படி கதிரைத் துரத்தற பாத் ட்ரேசர் சாஃப்ட்வேர் எல்லாம் அதோட வாரிசுங்கதான். ஒரு பிக்ஸலுக்கு 512 சாம்பிள், அதாவது 512 கதிர், வெச்சா ஒரு ஃப்ரேமுக்கு 106 கோடி கதிர், அதுவும் கேமராவுல இருந்து கிளம்பறது மட்டும், அப்புறம் ஒவ்வொண்ணும் நாலு தடவை அஞ்சு தடவை முட்டி மோதி திரும்பறது தனிக் கணக்கு.

அந்த பாட்டியோட காதைப் பாருங்க, பின்னாடி வெயில் இருக்கறதால காது மடல் சிவப்பா தெரியணும், அதாவது ஒளி தோலுக்குள்ள நுழைஞ்சு உள்ளயே அலைஞ்சு வேற இடத்துல வெளிய வரணும், அதுக்கு தனியா சாம்பிள் வேணும். நரைமுடி ஒவ்வொண்ணும் பிக்ஸலை விட மெல்லிசு, அதனால சாம்பிள் பத்தலைன்னா முடி ஓரமெல்லாம் மினுமினுன்னு துடிக்கும். திரை பாதி ஒளியை விடுது பாதியைத் தடுக்குது. இதெல்லாத்தையும் விட பெரிய வில்லன் அந்த டம்ளர் தண்ணிதான். கண்ணாடி வழியா வளைஞ்சு மேஜையில விழற ஒளித்திட்டு, அந்த பாதையை கேமரா பக்கத்துல இருந்து குருட்டாம்போக்குல தேடினா எப்பவாவதுதான் மாட்டும், மாட்டும்போது அந்த பிக்ஸல் மட்டும் அநியாயத்துக்கு பளீர்னு வெள்ளையாயிடும். ஃபயர்ஃப்ளைன்னு சொல்வோம். ஒரு ஃப்ரேம்ல பார்த்தா ஏதோ தூசு மாதிரிதான் தெரியும், 24 ஃப்ரேமையும் ஓட்டிப் பாருங்க, மேஜை முழுக்க பொரி பறக்கும்.

நாய்ஸ், அதாவது சாம்பிள் பத்தாம படத்துல தெரியற புள்ளி புள்ளியான பிசிறு, எப்படி குறையுதுங்கறது எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற இடம். தூறல் ஆரம்பிக்கும்போது தரையில அங்கொண்ணு இங்கொண்ணா புள்ளி தெரியும், விழ விழத்தான் தரை ஒரே நிறமா நனையும், சாம்பிளும் அப்படித்தான். ஆனா சாம்பிளை ரெண்டு மடங்கு ஆக்கினா நாய்ஸ் பாதியாகாது, நாலு மடங்கு ஆக்கினாதான் பாதியாகும். 256ல இருக்கற நாய்ஸை பாதியாக்க 1024 வேணும், அதையும் பாதியாக்க 4096. நேரமும் கிட்டத்தட்ட கூடவே ஏறும். "இன்னும் கொஞ்சம் க்ளீனா வேணும்"னு ரிவ்யூல ரொம்ப ஈஸியா சொல்லிட்டு போயிடுவாங்க, அந்த கொஞ்சம்ங்கறது 20 நிமிஷ ஃப்ரேமை 80 நிமிஷ ஃப்ரேம் ஆக்கிடும், நம்ம 120 ஃப்ரேம் ஷாட்டு 40 மணி நேரத்துல இருந்து 160 மணி நேரத்துக்கு போயிடும்.

அதனாலதான் இப்ப எல்லாரும் நாய்ஸைத் துடைக்கற டீநாய்ஸர் சாஃப்ட்வேர் பக்கம் போயிட்டாங்க. என்விடியாவோட ஆப்டிக்ஸ், இன்டெல் இலவசமாவே கொடுக்கற ஓபன் இமேஜ் டீநாய்ஸ், ரெண்டுமே நியூரல் நெட்வொர்க்தான், ஏஐ ஏஐன்னு ஊரே பேசறதுக்கு முன்னாடியே எங்க வேலைக்குள்ள வந்து உக்காந்துடுச்சு, யாரும் சண்டை போடல, ஏன்னா அது யாரோட வேலையையும் பிடுங்கல, காத்திருக்கற நேரத்தை மட்டும்தான் பிடுங்கிச்சு. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. நாய்ஸ் ரொம்ப அதிகமா கொடுத்தா அதுவா ஒரு உருவத்தை யூகிச்சு வரையும், துணி நெசவு, தோல் சுருக்கமெல்லாம் மெழுகு பூசின மாதிரி வழுவழுன்னு ஆயிடும். கூடவே பொருளோட நிறம் மட்டும் இருக்கற ஆல்பிடோ பாஸ், பரப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு காட்டற நார்மல் பாஸ் ரெண்டையும் கொடுத்தா ஓரளவு காப்பாத்தலாம். இன்னொரு தொல்லை, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியா டீநாய்ஸ் பண்ணா ஒவ்வொண்ணுலயும் யூகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், நிறுத்திப் பார்த்தா அழகா இருக்கும், ஓட்டினா சுவரெல்லாம் கொதிக்கற மாதிரி அசையும். புதுசா வர்ற பசங்க நிறைய பேரு ஸ்டில்லைப் பார்த்து ஓகே பண்ணிடறாங்க, அது கூடவே கூடாது, குறைஞ்சது தொடர்ச்சியா 10 ஃப்ரேமாவது ஓட்டிப் பார்த்துட்டுதான் செட்டிங்ஸை லாக் பண்ணணும்.

இவ்ளோ நேரம் சொன்னது மெஷின் பண்ற வேலை. கட்டுரையில விட்டுப்போனது அதுக்கு முன்னாடி ஆளுங்க பண்ற வேலை, நான் இந்த லெட்டர் எழுதறதே அதுக்காகத்தான். அந்த பாட்டி ஷாட்ல கேமரா அசையலைன்னு வெச்சுக்கோங்க, அப்ப சுவரையும் ஜன்னலையும் எதுக்கு 120 தடவை ரெண்டர் பண்ணணும்? பேக்ரவுண்டை ஒரே ஒரு ஃப்ரேம் நல்ல தரமா எடுத்து வெச்சுட்டு பாட்டியையும் திரையையும் மட்டும் தனி லேயரா ஓட்டினா போதும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா பாட்டி கையை ஆட்டும்போது நிழல் சுவத்துல நகரும், டம்ளர்ல அவங்க பிம்பம் தெரியும், அதையெல்லாம் எந்த லேயர்ல சேர்க்கறது எதைத் தனியா எடுக்கறதுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சு பிரிக்கணும். கேமராவை லாக் பண்ணலாமா வேண்டாமான்னு லேஅவுட் டிபார்ட்மென்ட் முடிவு பண்ற அந்த நிமிஷமே ரெண்டர் நேரம் பாதி முடிவாயிடுது. மாடலிங்ல யாரோ ஒருத்தர் தூரத்துல இருக்கற மரத்துக்கும் ஒவ்வொரு இலையையும் ஆசை ஆசையா செதுக்கி வெச்சா அதுக்கும் பதில் சொல்லப் போறது ரெண்டர்தான். படத்துல விரல் நகம் அளவுக்குத்தான் தெரியப்போற பொருளுக்கு 8கே டெக்ஸ்சர், அதாவது மேல ஒட்டற பெரிய சைஸ் படம், போட்டு வெச்சிருப்பாங்க, சீன் திறக்கறதுக்கே மெமரி முட்டி நிக்கும், ஜிபியுல, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுல, ரெண்டர் பண்ணா இன்னும் மோசம், கார்டுல 24 ஜிபி இருந்தா அந்த 24க்குள்ள சீனை அடக்கணும், மீறினா ஒண்ணு ஆமை வேகத்துல போகும், இல்லைன்னா படுத்துடும்.

அடுத்தது கரெக்ஷன். இங்கதான் எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல். நாங்க வெளிய எடுக்கறது ஒரே படமா இருக்காது. இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்ங்கற எஃபெக்ட்ஸ் கம்பெனி 2003ல எல்லாருக்கும் திறந்துவிட்ட ஓபன் இஎக்ஸ்ஆர்னு ஒரு ஃபார்மேட், ஒரே ஃபைலுக்குள்ள பளபளப்பில்லாத சாதா ஒளி (டிஃப்யூஸ்) தனியா, பளபளப்பு தனியா, ஒவ்வொரு லைட்டும் தனித்தனியா, தூரம் எவ்ளோன்னு காட்டற டெப்த் தனியா, எந்த பிக்ஸல் எந்த பொருளுக்கு சொந்தம்னு சொல்ற கிரிப்டோமேட் தனியான்னு அடுக்கி வெச்சுக்கலாம். இதெல்லாம் இருந்தா பாட்டியோட புடவை நிறத்தை மாத்தணும், வெயிலை கொஞ்சம் மஞ்சளாக்கணும், பின்னாடி மங்கலாக்கணும்னா காம்ப்ல, அதாவது லேயரையெல்லாம் ஒண்ணா சேர்க்கற கட்டத்துல, உக்காந்து சில நிமிஷத்துல முடிச்சிடலாம், மறுபடி ரெண்டரே வேண்டாம். ஆனா "பாட்டி கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காந்தா நல்லாயிருக்குமே"ன்னு சொன்னா அந்த லேயர் மொத்தமும் போச்சு. கேமராவை ஒரு இஞ்ச் நகர்த்தினா ஷாட்டே போச்சு, அந்த ஒரு ஃப்ரேம் பேக்ரவுண்டும் சேர்ந்து. கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி சின்ன கரெக்ஷன்தான், எங்களுக்கு ஒண்ணு டீ குடிக்கற நேரம், இன்னொண்ணு வாரக் கடைசி முழுக்க.

ஒரு விளம்பரப் படத்துக்கு, பேரு வேண்டாம், எல்லா ஷாட்டும் ஃபைனல் ரெண்டர் முடிஞ்சு காம்ப்ல இருக்கும்போது க்ளையன்ட் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்து, பாட்டிலோட மூடி டிசைன் மாறிடுச்சு, புதுசு போட்டுடுங்கன்னு சாதாரணமா சொன்னாரு. மூடி மாறினா பாட்டிலோட நிழல் மாறும், பாட்டில் மேல தெளிச்ச தண்ணித்துளியை மறுபடி சிமுலேட் பண்ணணும், எல்லா ஷாட்லயும் பாட்டில் இருக்கு. தேதியைத் தள்ளிக் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில், கம்ப்யூட்டர்தானே பண்ணுது, நீங்க ஏன் கவலைப்படறீங்க. அந்த ஷெட்யூல்ல மாடலிங்குக்கு தேதி இருந்துச்சு, அனிமேஷனுக்கு தேதி இருந்துச்சு, ரெண்டருக்குன்னு ஒரு கட்டமே இல்ல, எங்களுக்குள்ளயே அதைப் போடச் சொல்லி கேட்ட ஆளு கம்மி. உங்க கட்டுரையில அந்த ஒரு வரியைப் படிச்சப்போ அந்த ஷெட்யூல் ஷீட்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ஃபார்ம் பத்தியும் சொல்லணும். ரெண்டர் ஃபார்ம்னா ஒண்ணுமில்ல, மானிட்டர் கீபோர்டு இல்லாம வரிசையா அடுக்கின மெஷினுங்க, அதுங்களுக்கு வேலையைப் பிரிச்சு கொடுக்க ஒரு சாஃப்ட்வேர். டெட்லைன்னு ஒண்ணு இருக்கு, பிக்சாரோட ட்ராக்டர் இருக்கு, சோனி இமேஜ்வொர்க்ஸும் கூகுளும் சேர்ந்து 2019ல ஓபன் சோர்ஸா விட்ட ஓபன்க்யூ இருக்கு, ப்ளெண்டர்ங்கற இலவச 3டி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஃப்ளமெங்கோ. நூறு மெஷின் இருந்தா நூறு மடங்கு வேகம்னு கணக்கு போடறது பேப்பர்ல சரி. நிஜத்துல எப்படின்னா, சீன் லோடாக 6 நிமிஷம், ஃப்ரேம் ரெண்டராக 4 நிமிஷம்னு ஒரு ஷாட் இருக்கும், ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒவ்வொரு மெஷினுக்கு கொடுத்தா மெஷின் பாதி நேரத்துக்கு மேல ஃபைலைத் திறந்துக்கிட்டேதான் இருக்கும், அதுவும் நூறு மெஷினும் ஒரே சர்வர்ல இருந்து ஒரே டெக்ஸ்சரை ஒரே நேரத்துல இழுத்தா சர்வர் மூச்சு வாங்கும். அதுக்கு அஞ்சஞ்சு ஃப்ரேமா கட்டி கொடுத்தா 50 நிமிஷம் ஆகற இடத்துல 26 நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா ஃப்ரேமுக்கு 3 மணி நேரம் ஆகற ஷாட்டை இப்படி கட்டி கொடுத்தா, நாலாவது ஃப்ரேம்ல மெஷின் படுத்துச்சுன்னா காலையில வந்து தலையில கை வெச்சுக்க வேண்டியதுதான். எந்த ஷாட்டுக்கு எப்படின்னு தினமும் பார்த்து முடிவு பண்ற ஆளுக்கு ராங்க்லர்னு பேரு. படத்தோட டைட்டில் கார்டு ஓடும்போது கடைசியில பொடி எழுத்துல வருவாங்க, தியேட்டர்ல அதுக்குள்ள லைட் போட்டுடுவாங்க.

காலையில ஆபீஸ் வந்ததும் அந்த ராங்க்லர் என்ன பண்ணுவார்னு தெரியுமா? ஷாட் ஃபோல்டரைத் திறந்து ஃபைல் சைஸ் வரிசையில அடுக்கிப் பார்ப்பார். எல்லா ஃப்ரேமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப சின்னதா இருந்தா அது கறுப்பு ஃப்ரேம், இல்லைன்னா பாதி எழுதி நின்னது. சைஸ் சரியா இருந்தும் தப்பா இருக்கறது இன்னும் கொடுமை. ஒரே ஒரு மெஷின்ல ரெண்டரர் பழைய வெர்ஷன் இருந்துச்சுன்னா, இல்ல ஒரு டெக்ஸ்சர் பாத் மட்டும் கிடைக்கலைன்னா, அந்த மெஷின் எடுத்த ஃப்ரேமுங்க மட்டும் நிறம் துளி மாறியிருக்கும், ஓட்டிப் பார்த்தா அங்கங்க ஒரு கண் சிமிட்டல் மாதிரி வெட்டிட்டு போகும், ஃப்ரேம் நம்பரை எழுதி வெச்சு லாகோட ஒப்பிட்டு, எல்லாம் ஒரே மெஷின்ல இருந்து வந்திருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள மதியம் ஆயிடும். லைசென்ஸ் கிடைக்காத மெஷின் படத்து மேலயே வாட்டர்மார்க்கை அடிச்சு அனுப்பும், அது பரவாயில்ல, கண்ணுக்காவது தெரியும். துணியோ முடியோ சிமுலேஷன் இருக்கற ஷாட்டை கேஷ் எடுக்காம, அதாவது அசைவை முன்கூட்டியே கணக்கு போட்டு சேமிக்காம, ஃபார்முக்கு அனுப்பிட்டாங்கன்னா ஒவ்வொரு மெஷினும் அதோட இஷ்டத்துக்கு கணக்கு போடும், திரை ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஒவ்வொரு இடத்துல இருக்கும், பேய்ப் படம்தான்.

இதே இடத்துல படிக்கற பசங்களுக்கு ஒண்ணு, கட்டுரையில இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டரை நேரா வீடியோ ஃபைலா எடுக்கவே எடுக்காதீங்க. ஃப்ரேம் ஃப்ரேமா எடுங்க, 0001, 0002ன்னு நம்பர் போட்டு. வீடியோவா எடுத்தா 119வது ஃப்ரேம்ல கரன்ட் போச்சுன்னா மொத்தமும் போச்சு, தனித்தனி ஃப்ரேம்னா விட்ட இடத்துல இருந்து தொடரலாம், தப்பான ரெண்டு ஃப்ரேமை மட்டும் திரும்ப எடுக்கலாம். ஃபைனல் கொடுக்கறதுக்கு முன்னாடி முதல் ஃப்ரேம், நடு ஃப்ரேம், கடைசி ஃப்ரேம் மூணையும் முழு தரத்துல எடுத்து நேரத்தைக் குறிச்சுக்கிட்டு, அதை வெச்சு மொத்த நேரத்தைப் பெருக்கிப் பாருங்க, அப்புறம் பாதி சைஸ்ல பத்து ஃப்ரேமுக்கு ஒண்ணா ஷாட் முழுக்க ஓட்டுங்க. பாதி சைஸ்னா பிக்ஸல் கால்வாசிதான், சீக்கிரம் வந்துடும், நடுவுல எங்கயாவது முடி தோலுக்குள்ள போயிருந்தா அதுலயே மாட்டிக்கும்.

இப்ப இன்னொரு பக்கம் கேப்பாங்க, ஃப்ளோன்னு ஒரு பூனை படம் வந்துச்சே, லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்தது, 2025ல ஆஸ்கார் கூட வாங்குச்சே, அதை ப்ளெண்டர்ல ஃபார்மே இல்லாம அவரோட கம்ப்யூட்டர்லயே ரெண்டர் பண்ணிட்டாராமே, அப்புறம் நீங்க எதுக்கு இவ்ளோ புலம்பறீங்கன்னு. உண்மைதான், அவர் ஈவீங்கற ரியல்டைம் ரெண்டரர்ல எடுத்தாரு, ஃப்ரேமுக்கு சில செகண்டுதான் ஆச்சு. நான் சொல்றதுக்கு இதை விட நல்ல சாட்சியே கிடையாது. அந்தப் படத்துல மிருகங்களோட ரோமம் ஒவ்வொரு இழையா இல்ல, தூரிகையில தீட்டின மாதிரி இருக்கும், அந்த லுக்கையே மனசுல வெச்சுத்தான் படம் மொத்தமும் கட்டியிருக்காரு, கடைசியில வந்து ஐயோ ரெண்டர் எப்படி பண்றதுன்னு தேடினவர் இல்ல. நிறைய பேரு இதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு, பாத் ட்ரேசருக்குன்னு கட்டின சீனைக் கொண்டுவந்து ரியல்டைம்ல போட்டா அதே மாதிரி வேகமா வரும்னு எதிர்பார்க்கறாங்க. வரும், டம்ளர் தண்ணி ப்ளாஸ்டிக் மாதிரி வரும், காது மடல் மரக்கட்டை மாதிரி வரும், அப்புறம் சாஃப்ட்வேர் சரியில்லன்னு திட்டுவாங்க.

கிளவுட்ல மெஷின் வாடகைக்கு எடுத்துக்கலாமேன்னும் சொல்வாங்க. எடுக்கலாம், நாங்களும் எடுக்கறோம், நெருக்கடியில கை கொடுக்கும். ஆனா அங்க ஒரு மெஷினை நூறு மணி நேரம் ஓட்டினாலும் நூறு மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் பில்லு கிட்டத்தட்ட ஒண்ணுதான், செட்டிங்ஸ் தப்பா இருந்தா தப்பும் நூறு மடங்கு வேகமா வந்து சேரும், ஒரு மணி நேரத்துல மொத்த பட்ஜெட்டும் கறுப்பு ஃப்ரேமா வந்து நிக்கும். போதாததுக்கு, எடுத்த இஎக்ஸ்ஆரை எல்லாம் திரும்ப டவுன்லோட் பண்ணணும், 1080ல கம்ப்ரெஸ் பண்ணாத ஒரு லேயரே 16 எம்பி, பத்து பதினஞ்சு பாஸ் சேர்த்தா எவ்ளோன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

என்னோட வேண்டுகோள் ரொம்ப பெருசில்ல. அடுத்த தடவை அனிமேஷன் பத்தி போடும்போது லைட்டிங் ஆளு ஒருத்தர், ராங்க்லர் ஒருத்தர்கிட்டயும் பேசுங்க. கோர்ஸ் நடத்தறவங்ககிட்ட பேட்டி எடுத்தா, ரெண்டருக்குன்னு எத்தனை வகுப்பு வெச்சிருக்கீங்க, பசங்க ஃபைனல் ப்ராஜெக்ட்டை எந்த மெஷின்ல எத்தனை நாள் ரெண்டர் பண்றாங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க, நிறைய இடத்துல அந்தக் கேள்விக்கு பதில் வராது, அதையும் அப்படியே போடுங்க. கட்டுரையோட ஒரே ஷாட்டை நாலு படமா பக்கத்துல பக்கத்துல போட்டா வாசகர்களுக்கு சட்டுனு புரியும்: 16 சாம்பிள்ல நாய்ஸா ஒண்ணு, அதையே டீநாய்ஸ் பண்ணது ஒண்ணு, 1024ல எடுத்தது ஒண்ணு, காம்ப் முடிஞ்சது ஒண்ணு, அடியில ஒவ்வொண்ணுக்கும் ஆன நேரம். அந்த மாதிரி படம் உங்களுக்கு வேணும்னா நானே எடுத்து அனுப்பறேன். இஎக்ஸ்ஆர் உங்க டெஸ்க் கம்ப்யூட்டர்ல திறக்காமப் போகலாம், திறந்தாலும் நிறம் வேற மாதிரி தெரியும், அதனால ஜேபெக்காவே மாத்தி அனுப்பறேன்.

இப்படிக்கு,
லைட்டிங் டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு வாசகர்